சுழலும் இயந்திரம் நிற்பதுபோலத் தெரிந்தால்: வீட்டுத் தச்சுப் பட்டறைக்கு எல்ஈடி விளக்குத் தெரிவு செய்தல்

அந்த மின்குமிழ்களை வாங்கிக் கொடுத்தது நான்தான். கிளிநொச்சி நகரத்தில் ஒரு கடையில், பெட்டியில் "18 வொட்" என்று பெரிதாக அச்சிட்டிருந்த இரண்டு எல்ஈடி மின்குமிழ்கள். பக்கத்தில் இருந்ததன் பாதி விலைதான். தருமபுரத்தில் வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் தச்சுவேலை செய்யும் என் சித்தப்பாவுக்கு அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு வந்துவிட்டேன்.

மூன்றாவது கிழமை சித்தப்பா போன் எடுத்தார். கட்டில் கால் கடைந்துகொண்டிருந்தபோது, கடைச்சல் இயந்திரத்தில் மரத்தைப் பிடித்திருக்கும் இரும்புச் சக் மெதுவாகப் பின்பக்கமாகச் சுற்றுவதுபோலத் தெரிந்திருக்கிறது. மோட்டார் ஓய்ந்துவருகிறது என்று நினைத்து, அளவுகோலை எடுத்துக்கொண்டு கையை நீட்டியிருக்கிறார். அளவுகோல் பறந்துபோய்த் தகரத்தில் அடித்தது. விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"மெசின் நிக்கப்போகுது எண்டு நினைச்சுத்தான் கையை நீட்டினனான், பிள்ளை. மற்றக் கண்ணும் போகுதோ எண்டு பயந்திட்டன்" என்றார்.

2009 இல் எறிகணைச் சிதறல் ஒன்று அவரது இடது கண்ணைப் பறித்தது. மிஞ்சியிருக்கும் கண்ணை நம்பித்தான் அந்தப் பட்டறையும் குடும்பமும் ஓடுகின்றன. கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனோம். கண்ணில் எந்தக் குறையும் இல்லை. குறை நான் வாங்கிக் கொடுத்த மின்குமிழில் இருந்தது.

அதன் பிறகு இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன், எலக்ரீசியன்மாரிடமும் தச்சர்களிடமும் கேட்டேன். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் மரவேலை செய்பவர்கள் பலர். அவர்களில் கண், கை, கால் என்று யுத்தத்தில் ஏதோ ஒன்றை இழந்தவர்களும் இருக்கிறார்கள். பட்டறையில் வெளிச்சமும் ஒரு பாதுகாப்புக் கருவி என்பதை மனதில் வைத்து, விளக்கு வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றை இங்கே தருகிறேன்.

இயந்திரம் ஏன் நிற்பதுபோலத் தெரிந்தது?

நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். அதில் எரியும் விளக்கின் ஒளி செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். பழைய குண்டு மின்குமிழில் இழை சூடாகவே இருப்பதால் அந்த ஏற்ற இறக்கம் சிறியது. நல்ல எல்ஈடியில் உள்ளே இருக்கும் மின்சுற்று அதைச் சமப்படுத்திவிடும். மலிவான எல்ஈடியில் அந்தச் சமப்படுத்தும் பாகத்தைச் சேமித்துவிடுகிறார்கள். அப்போது விளக்கு செக்கனுக்கு 100 தடவை எரிந்து அணைகிறது. கண்ணுக்கு அது தொடர்ந்து எரிவதுபோலத்தான் தெரியும்.

சித்தப்பாவின் மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று, அதாவது செக்கனுக்கு 24 சுற்று. சக்கில் நான்கு பல்லுகள். எனவே ஒரு குறித்த இடத்தைச் செக்கனுக்கு 96 பல்லுகள் கடக்கின்றன. விளக்கோ 100 தடவை மின்னுகிறது. ஒவ்வொரு மின்னலிலும் அடுத்த பல்லு, முன்னைய பல்லு இருந்த இடத்துக்குச் சற்றுப் பின்னால் வந்து நிற்கும். கண் அதைத் தொடர்ச்சியாக இணைத்துப் பார்க்கிறது. செக்கனுக்கு 24 தடவை முன்னோக்கிச் சுழலும் இரும்பு, செக்கனுக்கு ஒரே ஒரு தடவை பின்னோக்கிச் சுழல்வதுபோலத் தெரிகிறது. வேகமும் பல்லுகளின் எண்ணிக்கையும் சரியாகப் பொருந்தினால் அது அசையாமலே நிற்பதுபோலவும் தெரியும். வட்டவாளிலும் துளைபோடும் இயந்திரத்திலும் இதே ஆபத்து உண்டு.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். மின்குமிழை எரியவிட்டு, போன் கெமராவை அதற்குக் கிட்டப் பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டிகள் ஓடினால் சந்தேகப்படுங்கள். போனில் மெதுவியக்க வீடியோ வசதி இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். போன் இல்லாவிட்டால் ஒரு பென்சிலை விளக்குக்கு முன்னால் வேகமாக அங்குமிங்கும் ஆட்டுங்கள். பென்சில் ஒரே மங்கல் விசிறியாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனியாகப் பல பென்சில்கள் நிற்பதுபோலத் தெரிந்தால், அந்த மின்குமிழைப் பட்டறைக்கு வாங்காதீர்கள். அதை விறாந்தைக்குப் போடலாம், சுழலும் இயந்திரத்துக்கு மேல் போடக்கூடாது.

வொட்டைப் பார்க்காதீர்கள், லூமனைப் பாருங்கள்

வொட் என்பது விளக்கு செலவழிக்கும் மின்சாரம். அது தரும் ஒளியின் அளவு லூமன். பழைய 60 வொட் குண்டு மின்குமிழ் ஏறக்குறைய 800 லூமன் தந்தது. இன்று 8 முதல் 10 வொட் எல்ஈடி அதே ஒளியைத் தருகிறது. ஒரே 18 வொட் என்று எழுதிய இரண்டு விளக்குகளில் ஒன்று 1,400 லூமனும் மற்றது 2,000 லூமனும் தரலாம். பெட்டியில் லூமன் எழுதப்படாவிட்டால் அதை வாங்காமல் விடுவது நல்லது.

ஒரு சதுர மீற்றரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். வேலைத்தள வெளிச்சத்துக்கான ஐரோப்பிய நியமம், தச்சு மேசையில் செய்யும் வேலைக்கும் பொருத்தி ஒட்டும் வேலைக்கும் 300 லக்ஸ், மரவேலை இயந்திரங்களுக்கு 500 லக்ஸ், மெருகூட்டவும் வர்ணம் பூசவும் 750 லக்ஸ் என்று சொல்கிறது. வயது போகப்போக இந்த அளவுகளுக்குமேல் தேவைப்படும். 60 வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் ஒளி, 20 வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு.

கணக்கு இப்படிப் போடலாம். 12 அடி அகலம், 16 அடி நீளமான கொட்டகை ஏறக்குறைய 18 சதுர மீற்றர். பொதுவான வெளிச்சம் 300 லக்ஸ் வேண்டுமென்றால் 18 × 300 = 5,400 லூமன். ஆனால் விளக்கிலிருந்து புறப்படும் ஒளி முழுவதும் மேசைக்கு வருவதில்லை. சுவரும் கூரையும் தூசியும் ஒரு பங்கை விழுங்கிவிடும். 60 வீதம் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொண்டால் 9,000 லூமன் வேண்டும். 1,800 லூமன் தரும் நான்கு அடி ரியூப் ஐந்து போட்டால் போதும். இயந்திரங்களுக்குத் தேவையான மேலதிக வெளிச்சத்துக்கு அந்தந்த இடத்தில் சிறிய விளக்கு ஒன்றைச் சேர்க்கலாம்.

ஐந்து ரியூப்களும் 18 வொட் என்றால் மொத்தம் 90 வொட். நாளுக்கு ஆறு மணித்தியாலம் எரித்தால் மாதம் 16 அலகு வரை வரும். இதே வெளிச்சத்துக்கு 60 வொட் குண்டு மின்குமிழ் 11 போடவேண்டியிருக்கும், அது 660 வொட். ஆனாலும் நமது மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது, கூடுதலான 16 அலகு உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். ஆகவே ஒவ்வொரு வரிசைக்கும் தனிச் சுவிட்ச் போடுங்கள். மேசையில் மட்டும் வேலை என்றால் மேசை வரிசை மட்டும் எரியட்டும்.

செலவில்லாமல் வெளிச்சத்தைக் கூட்டும் வழியும் உண்டு. சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், தகரத்தின் உட்பக்கத்துக்கு வெள்ளை வர்ணம் பூசுங்கள். புகை பிடித்துக் கறுத்த தகரம் வெளிச்சத்தைத் திருப்பித் தராது.

எங்கே மாட்டுவது?

நம்மில் பெரும்பாலானோர் கொட்டகையின் நடுவில் ஒரே ஒரு பெரிய மின்குமிழைத் தொங்கவிடுகிறோம். இறக்கைபோல விரியும் "கராஜ் லைட்" மின்குமிழ்களும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. வெளிச்சம் உண்மையில் அதிகம்தான். ஆனால் மேசை சுவரோரம் இருந்தால் விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும், உங்கள் நிழல் நீங்கள் அறுக்கும் கோட்டின் மீதே விழும்.

நீளமான ரியூப்கள் மென்மையான நிழலைத் தருகின்றன. ஒரு வரிசையை மேசையின் முன்விளிம்புக்கு நேர் மேலே, உங்கள் தலைக்குச் சற்று முன்னால் வரும்படி மாட்டுங்கள். இன்னொரு வரிசை கொட்டகையின் மறுபக்கம் இருக்கட்டும். வலது கைக்காரருக்கு மேசை விளக்கு இடது பக்கத்திலிருந்து வருவது நல்லது, இடது கைக்காரருக்கு மறுபக்கம். சிறிய மின்குமிழ் என்றால் உயரம் முக்கியம். மேசைக்கு மேல் மூன்று அடியில் இருந்ததை ஆறு அடிக்கு உயர்த்தினால் நேர் கீழே விழும் ஒளி கால்பங்காகக் குறைந்துவிடும். அதேநேரம் வெறும் எல்ஈடிப் புள்ளிகள் கண்ணில் படும்படியும் மாட்டக்கூடாது. பால்நிற மூடி உள்ளதை எடுங்கள்.

ஒரு கண் பார்வை உள்ளவர்களுக்கு இன்னொரு விடயம். ஆழத்தையும் தூரத்தையும் மதிப்பிட இரண்டு கண்களும் சேர்ந்து செய்யும் வேலையில் ஒரு பகுதியை அவர்கள் நிழலை வைத்துத்தான் செய்கிறார்கள். சித்தப்பா இதை எனக்குச் செய்து காட்டினார். பக்கவாட்டில் ஒரு விளக்கு இருந்தால், உளியின் முனை மரத்தை நெருங்கும்போது அதன் நிழலும் எதிரே நெருங்கி வருகிறது. முனையும் நிழலும் தொடும் இடத்தில் உளி மரத்தைத் தொடுகிறது. நாலு பக்கமும் சிறிய மின்குமிழ்கள் எரிந்தால் ஒரு உளிக்கு நாலு நிழல் விழும், எது உண்மை என்று தெரியாது. ஆகவே மேலே மென்மையான ரியூப் வெளிச்சம், பக்கத்தில் வளைக்கக்கூடிய தண்டுள்ள ஒரே ஒரு விளக்கு என்பது அவருக்குப் பொருந்திய ஏற்பாடு. அதே பக்க விளக்கைத் தாழ்த்தி மரத்தின் மேல் சரிவாக அடித்தால், சீவுளி விட்ட தழும்பும் அரத்தாள் கீறலும் வார்னிஷ் பூச முதலே தெரிந்துவிடும்.

சித்தப்பாவுக்கு உதவிக்கு வருபவர் செயற்கைக் காலோடு நடப்பவர். அவருக்கு மேசை வெளிச்சத்தைவிட நில வெளிச்சம் முக்கியம். மரத்துண்டும் வயரும் எங்கே கிடக்கின்றன என்று அவர் காலால் உணர முடியாது. வாசற்படிக்கு மேல் ஒரு சிறிய விளக்கு போடுங்கள், நிலத்தின் குறுக்கே வயர் போகாமல் பாருங்கள்.

நிறமும் மரமும்

பெட்டியில் 2,700, 4,000, 6,500 என்று "கே" எழுத்தோடு ஓர் எண் இருக்கும். 2,700 மஞ்சள் வெளிச்சம், 6,500 நீலச் சாயலுள்ள வெள்ளை. நமது கடைகளில் 6,500 தான் அதிகம் கிடைக்கிறது. மரவேலைக்கு 4,000 முதல் 5,000 வரை இதமானது. 6,500 மட்டுமே கிடைத்தாலும் வேலைக்குக் குறையில்லை, ஒரே கொட்டகையில் கலந்து போடாமல் இருந்தால் சரி.

இதைவிட முக்கியம் "சிஆர்ஐ" என்ற எண். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது, உச்சம் 100. வெள்ளை எல்ஈடி உண்மையில் ஒரு நீல எல்ஈடி. அதன் மேல் பூசிய மஞ்சள் படிவம்தான் ஒளியை வெள்ளையாக மாற்றுகிறது. மலிவான விளக்குகளில் சிவப்பு குறைவு. அதன் கீழே தேக்கும் மஹோகனியும் வெளிறித் தெரியும், முதிரையின் பொன்னிறமும் சரியாகத் தெரியாது. வார்னிஷில் நிறம் கலந்து பூசிவிட்டு, அடுத்த நாள் வெயிலில் பார்த்தால் ஒரு கதவு ஒரு நிறமும் மற்றக் கதவு வேறு நிறமுமாக இருக்கும். பொதுவாக 80 போதும், மெருகூட்டும் இடத்துக்கு 90 கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நிறம் பார்க்கும் வேலையைப் பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பம், தூசி, வயறிங்

பெட்டியில் எழுதியிருக்கும் 25,000 மணித்தியாலம் தகரக் கூரையை நினைத்து எழுதியது அல்ல. எல்ஈடியில் முதலில் பழுதாவது பெரும்பாலும் அதன் மின்சுற்றுத்தான். அதில் உள்ள கொள்ளளவியின் ஆயுள், வெப்பம் 10 பாகை கூடினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. பங்குனி, சித்திரை வெயிலில் தகரத்தோடு ஒட்டி மாட்டிய விளக்கு சீக்கிரம் போய்விடும். தகரத்திலிருந்து ஓர் அடி கீழே, காற்றுப் படும்படி தொங்கவிடுங்கள். மணித்தியாலக் கணக்கைவிட வொறன்ரி அட்டையை நம்புங்கள். கடை முத்திரையும் திகதியும் போட்டு வாங்குங்கள்.

மரத்தூள் விளக்கில் படிந்தால் வெளிச்சமும் குறையும், சூடும் வெளியேறாது. "ஐபி65" என்று எழுதிய மூடிய விளக்கினுள் தூசி போகாது, மழை ஒழுக்கும் தாங்கும். மாதம் ஒருமுறை சுவிட்சை நிறுத்திவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள். சூடேறும் பழைய ஹலஜன் விளக்குகளை மரத்தூள் உள்ள இடத்தில் வைக்காதீர்கள்.

பழைய ரியூப் லைட் சட்டத்தில் எல்ஈடி ரியூப்பைப் போடுபவர்கள் கவனிக்கவேண்டும். சில எல்ஈடி ரியூப்கள் பழைய சோக்குடன் வேலை செய்யும், ஸ்ராட்டரை மட்டும் மாற்றவேண்டும். சிலவற்றுக்குச் சோக்கையும் ஸ்ராட்டரையும் கழற்றி நேரடியாக இணைக்கவேண்டும். இரண்டு முனைக்கும் மின்சாரம் கொடுக்கும் வகையில், ஒரு முனையைச் செருகியதும் மறுமுனை ஊசியில் மின்சாரம் வரலாம். பிரதான சுவிட்சை நிறுத்தாமல் கைவைக்காதீர்கள். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் சட்டத்தோடு சேர்ந்தே வரும் எல்ஈடி விளக்கை வாங்குங்கள்.

விளக்குக்கும் இயந்திரங்களுக்கும் வேறு வேறு இணைப்பு வையுங்கள். இயந்திரத்தில் ஏதும் பிழைத்து அதன் இணைப்பு துண்டிக்கப்பட்டால் விளக்கும் சேர்ந்து அணையக்கூடாது. மோட்டார் நின்ற பிறகும் வாள் சில செக்கன்கள் சுழலும். இருட்டில் அந்தச் செக்கன்கள்தான் ஆபத்து. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத பட்டறையில் விளக்கை மாற்ற முன்னர் அதைப் போடுங்கள்.

மின்வெட்டு நமக்குப் புதிதல்ல. 2022 இல் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்திருக்கிறோம். உள்ளே பற்றரி உள்ள மின்குமிழ் ஒன்றை இயந்திரத்துக்குக் கிட்டப் போட்டுவைத்தால், மின்சாரம் நின்றதும் அது தானே எரியும். அந்த வெளிச்சத்தில் முதலில் செய்யவேண்டியது இயந்திரத்தின் சுவிட்சை நிறுத்துவது. இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பி வரும்போது வாளும் தானாகச் சுழலத் தொடங்கும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் விளக்குக் கொண்டுவந்தால் அதில் எழுதியுள்ள வோல்ற்றைப் பாருங்கள். பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் நமது 230 வோல்ற்தான். கனடாவில் 120 வோல்ற். 120 மட்டும் எழுதிய விளக்கை இங்கே செருகினால் அந்த நிமிடமே எரிந்துபோகும். "100–240" என்று இருந்தால் பிரச்சினை இல்லை.

கையில் காசு குறைவென்றால்

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யத் தேவையில்லை. சித்தப்பாவும் நானும் செய்த ஒழுங்கு இது.

1. இருக்கும் விளக்குகளை போன் கெமராவால் சோதித்து, மின்னும் விளக்கைச் சுழலும் இயந்திரங்களுக்கு மேலிருந்து அகற்றினோம்.
2. ட்ரிப் சுவிட்ச் போட்டு, விளக்கு இணைப்பைத் தனியாகப் பிரித்தோம்.
3. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம்.
4. மேசைக்கு மேல் இரண்டு ரியூப், பிறகு மூன்று மாதத்தில் மற்ற மூன்றும் மாட்டினோம்.
5. கடைச்சல் இயந்திரத்தருகே வளைதண்டு விளக்கு ஒன்றும், பற்றரி மின்குமிழ் ஒன்றும் சேர்த்தோம்.

நான் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் 1990 இல் நின்றுபோன மின்சாரம் பல வருடங்களுக்கு வரவில்லை. வன்னியில் நாங்கள் அதைவிட நீண்டகாலம் காத்திருந்தோம். அந்தப் பழக்கத்தால் எரிகிற எதையும் நல்ல வெளிச்சம் என்று எடுத்துக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் அந்த மின்குமிழ்களை வாங்கினேன்.

சித்தப்பா அவற்றை எறியவில்லை. ஒன்று கோழிக்கூட்டில் எரிகிறது, மற்றது கிணற்றடியில். கடந்த மாதம் போனபோது அதே சக்கில் அடுத்த சோடிக் கட்டில் கால்களைக் கடைந்துகொண்டிருந்தார். ஐந்து ரியூப்களின் வெளிச்சத்தில் சக் ஒரே மங்கலாகத் தெரிந்தது. சுழலும் இரும்பு அப்படித்தான் தெரியவேண்டும். அவர் சுவிட்சை நிறுத்தி, அந்த மங்கல் நான்கு பல்லாகப் பிரிந்து அசையாமல் நிற்கும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.